மைண்ட் மேப் போட்டா கிளை நிறைய வருது, ஐடியா வரமாட்டேங்குது

கேள்வி: திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசரா இருந்தேன், இப்போ ப்ரொடக்‌ஷன் மேனேஜர். ஷிப்மென்ட் ஏன் எப்பவும் கடைசி நேரத்துல இழுக்குதுன்னு யோசிச்சு ஒரு பிளானோட வாங்கன்னு முதலாளி சொல்லிட்டார். பெரிய சார்ட்ல மைண்ட் மேப் (நடுவுல ஒரு விஷயத்தை எழுதி, சுத்தி கிளை கிளையா யோசனையை எழுதுற படம்) போட்டு மீட்டிங்ல காட்டுனேன், எல்லாரும் "சூப்பர் சார்"னு தலையாட்டிட்டு போயிட்டாங்க, புதுசா ஒண்ணும் வரல. இதை எப்படித்தான் யூஸ் பண்றது?

பதில்: நடுவுல என்ன எழுதுனீங்கன்னு நீங்க சொல்லல. "ஷிப்மென்ட் டிலே"ன்னு எழுதியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், முக்காவாசி பேர் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. அப்படி எழுதுனா சுத்தி கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு டிபார்ட்மென்ட் பேரா வந்து நிக்கும். அது உங்களுக்கு தூக்கத்துல கேட்டாலும் தெரிஞ்ச லிஸ்ட், வட்டமா எழுதிட்டா மட்டும் ஐடியா ஆகிடாதுங்க. நடுவுல ஒரு கேள்வியை வைங்க, அதுவும் குத்துற மாதிரி கேள்வியா: "துணி கைக்கு வந்ததுக்கு அப்புறமும் தையல் லைன் ஏன் சும்மா நிக்குது?" இப்படி கேட்டா டிபார்ட்மென்ட் பேரை பதிலா எழுத முடியாது, என்ன நடக்குதுன்னுதான் எழுதியாகணும்.

அடுத்தது, கிளைக்கு ஒரே ஒரு வார்த்தைதான்னு ஒரு ரூல் கேள்விப்பட்டிருப்பீங்க. 1974-ல பிபிசி டிவி மூலமா மைண்ட் மேப்பை பிரபலமாக்குன டோனி பூசான் சொன்னது, வளைஞ்ச கோடு, நிறைய கலர் எல்லாம் அவரோட ரூல்தான். பரீட்சைக்கு படிக்கிற பசங்களுக்கு அது சரி, மனசுல நிக்கும். உங்க வேலைக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன், ஏன்னா "டையிங்"னு (துணிக்கு சாயம் போடுற வேலை) ஒத்தை வார்த்தை எழுதிட்டா என்ன புரியும்? "டையிங்ல இருந்து ஒரே கலர் ரெண்டு லாட்டா வருது, ஷேடு சேரல"ன்னு முழுசா எழுதுங்க (ஒரே தடவைல சேர்த்து சாயம் போட்ட துணிதான் ஒரு லாட்). கலரையும் அழகுக்கு அடிக்காம உருப்படியா யூஸ் பண்ணுங்க, நீங்க ஃப்ளோர்ல கண்ணால பாத்தது நீலம், யாரோ சொல்லிக் கேட்டது அல்லது உங்க யூகம் சிவப்பு. எழுதி முடிச்சுட்டு தள்ளி நின்னு பாருங்க, சிவப்பு பாதிக்கு மேல இருந்தா பேப்பரை மடிச்சு வச்சுட்டு முதல்ல ஃப்ளோருக்கு போங்க.

இப்போ முக்கியமான இடம். ஐடியா கிளையோட நுனில இருக்காது, ஒரே விஷயம் ரெண்டு மூணு கிளைல தலைகாட்டுற இடத்துலதான் இருக்கும். உங்க மேப்லயே ஷேடு பிரச்சனை எங்கெல்லாம் வருதுன்னு தேடிப் பாருங்களேன். கட்டிங் கிளைல "லாட் லாட்டா தனியா வெட்ட வேண்டியிருக்கு"ன்னு இருக்கும், செக்கிங் கிளைல "பாடி ஒரு ஷேடு கை ஒரு ஷேடு"ன்னு இருக்கும், தையல் கிளைல "டேமேஜ் பீஸுக்கு மாத்து பீஸ் கேட்டா அதே லாட்ல துணி இல்லைங்கறாங்க"ன்னு இருக்கும். மூணையும் ஒரு கோடு போட்டு சேருங்க. மூணு டிபார்ட்மென்ட்டும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டிட்டு இருக்குற மேட்டர் உண்மைல ஒண்ணுதான், லாட் பிரச்சனை. அதுக்கு வழி, ஒவ்வொரு லாட்லயும் கொஞ்சம் துணியை அந்த லாட் செக்கிங் தாண்டுற வரைக்கும் கட்டிங்ல எடுத்து வைக்கணும், பண்டல்ல லாட் நம்பர் டிக்கெட் இருக்கணும். பெரிய கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல, ஆனா தனித்தனி கிளையா பாத்துட்டு இருந்த வரைக்கும் கண்ணுல படாத ஐடியா.

மீட்டிங் ஏன் சொதப்புச்சுன்னா, மேனேஜர் முழுசா போட்ட மேப்பை செவுத்துல மாட்டிட்டு "உங்க கருத்து?"ன்னா யாரு சார் வாயைத் தொறப்பா? 1958-லயே அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டில இதை டெஸ்ட் பண்ணிருக்காங்க, நாலு பேர் சேர்ந்து உக்காந்து யோசிக்கிறதை விட நாலு பேர் தனித்தனியா யோசிச்சதை அப்புறம் ஒண்ணா சேர்த்தா ஐடியா அதிகமா வருது. 1987-ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு காரணமும் தேடுனாங்க, ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க காத்துட்டு இருக்கணும்ல, அந்த கேப்ல யோசனை அடைச்சுக்குது, அதுதான் பெரிய காரணம்னு சொன்னாங்க. அதனால கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங் அக்கா, பையர்கிட்ட ஆர்டர் பேசுற மெர்ச்சண்டைசர், முடிஞ்சா ஒரு டைலர், ஆளுக்கொரு வெள்ளை பேப்பர், நடுவுல அதே கேள்வி, பத்து நிமிஷம் பேச்சே கூடாது. எழுத கூச்சப்படுறவங்க சொல்லச் சொல்ல அவங்க வார்த்தைலயே ஒருத்தர் எழுதட்டும், நீங்க அதை "கரெக்ட்" பண்ணாதீங்க. எல்லாத்தையும் செவுத்துல ஒட்டி சேர்த்ததுக்கு அப்புறம் கடைசியா உங்க பேப்பர்.

ஆப் வேணுமான்னா, எக்ஸ்மைண்ட், ஃப்ரீமைண்ட் மாதிரி நிறைய இருக்கு, கிளையை தூக்கி இடம் மாத்தி வைக்க வசதி, ஆனா முதல் தடவை பேப்பர்தான். அப்புறம் எல்லாத்துக்கும் மைண்ட் மேப்பே போடணும்னு இல்ல, எதுக்கு அப்புறம் எதுன்னு வரிசையா பாக்கணும்னா சாதா ஃப்ளோ சார்ட்டே போதும், ஒரு குறைக்கு காரணம் தேடணும்னா ஜப்பான்காரர் இஷிகாவாவோட மீன்முள்ளு படம் (காரணங்களை மீன் முள்ளு மாதிரி பிரிச்சு எழுதுறது) இன்னும் நல்லா வேலை செய்யும்.

முதலாளிகிட்ட மேப்பை கொண்டு போகாதீங்க, அது நீங்க யோசிச்ச தடம், அவருக்கு புரியணும்னு அவசியமே இல்ல. அரை பக்கத்துல ஒரே ஒரு ஐடியா, யார் பண்றாங்க, எந்த தேதிக்குள்ள, எந்த ஆர்டர்ல முதல்ல ட்ரை பண்றோம், அவ்வளவுதான். ஷேடு ஐடியாவைத்தான் எடுக்குறீங்கன்னா ஒரே கலர் ரெண்டு லாட்டா வர்ற ஆர்டரா பாத்து எடுங்க, ஒரே லாட்ல முடியுற சின்ன ஆர்டர்ல ட்ரை பண்ணா பிரச்சனையே வராது, ஐடியா வேலை செஞ்சுதா இல்லையான்னும் தெரியாது.