தரவகழ்வும் (குவிந்த தரவில் பயனுள்ள தொடர்புகளைத் தேடுவது) மின்செலவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எந்தப் பொருளோடு எது சேர்ந்து விற்கிறது என்று, மூன்று ஆண்டு பில்களையும் வைத்து இரவுதோறும் கணக்கிடுகிறோம். மின்சாரத்தைச் சேமிக்க வழியுண்டா? (மளிகைக் கடைக்காரர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: துவரம்பருப்பும் புளியும் சேர்ந்து விற்பது ஒரே இரவில் மாறிவிடாது, வாரம் ஒருமுறை கணக்கிட்டால் போதும். இத்தகைய கணக்குக்கென 1994இல் வெளிவந்த அப்ரியோரி முறை தரவு முழுவதையும் திரும்பத் திரும்பப் படிக்கும். 2000இல் வந்த எஃப்பி-குரோத் இரண்டே முறை படித்து அதே விடையைத் தருவதால், பெரும்பாலும் அதுவே சிக்கனமானது.

கேள்வி: என் மாதிரியை (தரவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரலை) பயிற்றுவிக்க ஆய்வகக் கணினி நாள்கணக்கில் ஓடுகிறது. எங்கிருந்து குறைப்பது? (ஆராய்ச்சி மாணவி, காலாப்பட்டு)

பதில்: அளவிடுவதிலிருந்து தொடங்குங்கள். கோட்கார்பன் என்ற இலவச பைத்தான் கருவியை நிரலோடு இணைத்தால், செலவான மின்சாரத்தையும் அதற்குரிய கரியமில வாயுவையும் மதிப்பிட்டுச் சொல்லும். நம் நாட்டு மின் கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நாள்கணக்கில் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம், பயிற்சிக்கு முன் நாமே தீர்மானிக்கும் அமைப்பு மதிப்புகளின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்துப் பார்க்கும் பழக்கமே. ஐந்து அமைப்புகளுக்குத் தலா நான்கு மதிப்புகள் என்றால் 1,024 சேர்க்கைகள். ஐந்து மடிப்புக் குறுக்குச் சரிபார்ப்பும் (தரவை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒருமுறை சோதனைக்கு ஒதுக்குவது) சேர்ந்தால் 5,120 முறை பயிற்சி. மாறாக, 60 சேர்க்கைகளைக் குலுக்கலில் எடுத்தால், அவற்றில் ஒன்றேனும் சிறந்த 5 விழுக்காட்டுக்குள் அமைய 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பயிற்சியோ 300 முறைதான். அதையும் முதலில் பத்தில் ஒரு பங்குத் தரவில் ஓட்டிப் பார்த்து, தேறியவற்றுக்கு மட்டும் முழுத் தரவைக் கொடுங்கள். ஆய்வேட்டில் மின்செலவையும் ஒரு வரி குறிப்பிடுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன். துல்லியத்தை மட்டும் எழுதும் வழக்கம் மாற வேண்டும்.

கேள்வி: இத்தகைய கணினி வேலைகளை இரவில் ஓட்டுவது நல்லதா, பகலிலா? (வாசகர், வடலூர்)

பதில்: அவசரமில்லாத வேலைக்கு நண்பகலே நல்லது. சூரிய மின்சாரம் அப்போதுதான் மிகுதியாகக் கிடைக்கிறது. இரவில் சுமையின் பெரும்பகுதியை அனல்மின் நிலையங்களே தாங்குகின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள நெய்வேலியில் எரிக்கப்படும் பழுப்பு நிலக்கரி, சாதாரண நிலக்கரியைக் காட்டிலும் யூனிட்டுக்கு அதிகக் கரியமில வாயுவை வெளியிடக்கூடியது. ஆயினும் மே மாத நண்பகலில் அறையைக் குளிர்விக்க ஏசிக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டியிருக்கும் என்பதால், அந்த மாதத்தில் முற்பகலைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: எல்லாவற்றையும் கிளவுடுக்கு (இணையவழி பயன்படுத்தும் வாடகைக் கணினிகளுக்கு) மாற்றினால் தீர்ந்துவிடுமா? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: தீராது. பெரிய தரவு மையங்கள் குளிரூட்டலுக்குச் செலவிடும் மின்சாரம் ஒப்பீட்டளவில் குறைவு என்பது உண்மை. ஆனால் வேண்டாத நகல்கள் அங்கே போய்க் குவிந்தாலும் மின்சாரம் செலவாகும். மாற்றும் முன் அவற்றை அழித்துவிடுங்கள்.