ஆரல்வாய்மொழியை மேசைமேல் இறக்குவது எப்படி? – மாதிரி ரயில் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். நான் ரயில்வேக்காரன் இல்லை. பஸ் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவன். ஓய்வு பெற்றதும் மாடி அறையில் ஆரல்வாய்மொழி ஸ்டேஷனைக் கட்டத் தொடங்கினேன். ஏழு வருஷமாகியும் முடியவில்லை. முடிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்ற பயமும் உண்டு. கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம், ஆசிரியை: மகனுக்கு நாகர்கோவில் சந்திப்பையே கட்ட வேண்டுமாம். எங்களிடம் இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. நடக்குமா அண்ணாச்சி?

நடக்காது டீச்சர். பையனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 24 பெட்டி நிற்கிற பிளாட்பாரத்தை நூறில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஐந்தே முக்கால் மீட்டர் வரும். உங்கள் அறையின் நீளமே மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல்தான். இதில் நாலைந்து பிளாட்பாரம், பெட்டிகளைக் கழுவும் லைன், மூன்று பக்கம் பிரியும் பாதை எல்லாம் எங்கே போகும்?

சின்ன ஸ்டேஷனாகப் பாருங்கள். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மேற்கே போனால் பள்ளியாடி, இரணியல், குழித்துறை. செம்மண் மேட்டை வெட்டிப் போட்ட பாதை, இரண்டு பக்கமும் தென்னை, வாழை, ரப்பர். கிழக்கே போனால் தோவாளை, ஆரல்வாய்மொழி. வெறும் மலை, பனை, காற்றாலை. ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு வேறு வேறு ஊர் வேறு எங்கே கிடைக்கும்? முதலில் எந்தப் பச்சை வேண்டும், அடர்பச்சையா காய்ந்த பச்சையா என்று முடிவு செய்யுங்கள். ஸ்டேஷன் தானாக அமையும்.

கன்னியாகுமரியும் நல்ல தேர்வுதான். பாதை அங்கே முடிந்துவிடுவதால் வட்டமாகச் சுற்றி வர வேண்டிய அவசியமில்லை. சுவரோரம் இரண்டடி அகலப் பலகை போதும். வருகிற எஞ்சினைக் கழற்றி, இன்னொரு லைன் வழியாகக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டிவிடுகிற வேலையிலேயே பையனுக்குப் பொழுது போய்விடும். வண்டிகள் போய்ச் சேரும் திப்ருகரும் காட்ராவும் சென்னையும் எல்லாமே அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்த நாலு லைன்தான்.

கொட்டாரம், கல்லூரி மாணவர்: எச்.ஓ. அளவில் தண்டவாளம் வாங்கிவிட்டேன். நம் அகலப் பாதைக்கு அது குறுகல் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

உண்மைதான் தம்பி. இந்தப் பொழுதுபோக்கில் நம்மூர்க்காரர்களுக்கு முதல் தலைவலியே இது.

எச்.ஓ. என்பது 1:87. கடையில் கிடைக்கும் அந்தத் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87 ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடுகிற பாதையின் அகலம் அது. நம் பாதை 1676. அதை 87 ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் இடிக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. வண்டி நேரே முகத்துக்கு வரும்போதுதான் மெலிந்த காலில் பெரிய உடம்பு நிற்பதுபோல இருக்கும்.

பலர் 'போகட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். அதில் தப்பே இல்லை. எச்.ஓ. அளவில் செய்த இந்திய எஞ்சினும் பெட்டியும் விலைக்கு வாங்கி ஓட்டப்போகிறாய் என்றால் அதுதான் புத்திசாலித்தனம். இன்னும் சிலர் 19.3 இடைவெளியில் கையாலேயே தண்டவாளம் பதித்து, அச்சுகளையும் மாற்றுகிறார்கள். கும்பிடப்பட வேண்டியவர்கள். பாதை பிரிகிற பாயிண்ட் ஒன்றைச் செய்து பார்த்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

என் வழி வேறு. தண்டவாளம் அதே 16.5 இருக்கட்டும், மற்ற எல்லாவற்றையும் 1:100 ஆகச் செய். 16.5-ஐ நூறால் பெருக்கினால் 1650. நம் 1676-க்கு ஒட்டி வந்துவிடுகிறது. கட்டட மாதிரி செய்கிறவர்கள் வைத்திருக்கும் அளவும் இதுவே என்பதால் மனித பொம்மை, மரம், விளக்குக்கம்பம் எல்லாம் கிடைக்கும். கணக்கோ சின்னப் பிள்ளைக்கணக்கு, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். புதிய வகையான எல்.எச்.பி. பெட்டி 24 மீட்டர் என்றால் 24 சென்டிமீட்டர். டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சின் இருபதரைக்குக் கொஞ்சம் மேல்.

இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. பழைய நீல ஐ.சி.எஃப். பெட்டியின் போகியில், அதாவது அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில், சக்கரத்துக்குச் சக்கரம் 2896 மில்லிமீட்டர், நூறில் ஒரு பங்கு 29. ஐரோப்பிய எச்.ஓ. பெட்டிகள் பலவற்றின் போகியும் சுமார் 29 மில்லிமீட்டர்தான்! அவர்களுடைய இரண்டரை மீட்டரை 87 ஆல் வகுத்தால் அப்படி வருகிறது. ஆக, உடைந்த வெளிநாட்டுப் பெட்டியின் கீழ்ப்பாகத்தை வாங்கி, மேலே அட்டையில் நம்மூர் உடம்பைப் பொருத்தலாம். என்னிடம் அப்படி ஐந்து பெட்டி ஓடுகிறது. குறை என்னவென்றால் கடையில் வாங்கிய எச்.ஓ. இந்திய எஞ்சினை இதன் பக்கத்தில் நிறுத்த முடியாது. அண்ணனும் தம்பியுமாக நிற்கும்.

வளைவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டி நீளத்தைப்போல மூன்று மடங்காவது ஆரம் வேண்டும், அதாவது 72 சென்டிமீட்டர். கடையில் செட்டாக வருகிற 44 சென்டிமீட்டர் ரெடிமேட் வளைவில் 24 சென்டிமீட்டர் பெட்டி திரும்பினால் நடுவயிறு உள்ளே, மூலை வெளியே.

தக்கலை: ஸ்டேஷன் வரைபடம் கிடைக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்கலாமா?

பிளாட்பாரம் டிக்கெட் எடுங்கள், ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள், படமெடுக்க அனுமதி கேளுங்கள். பாதையில் மட்டும் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அது குற்றம். அதைவிட, மின்சார வண்டி வருகிற சத்தம் கேட்கும்போது அது பக்கத்தில் வந்திருக்கும்.

இறங்காமலே அளக்க வழி நிறைய உண்டு. கான்கிரீட் ஸ்லீப்பர் கிலோமீட்டருக்கு 1660 போடுவது வழக்கம், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். பிளாட்பாரத்தில் நின்று எண்ணினாலே நீளம் வந்துவிடும். உயரத்துக்கு, பெட்டி நிற்கும்போது அதன் பின்னணியில் கட்டடமும் தெரிகிற மாதிரி எடுக்காமல், பெட்டியும் கட்டடமும் ஒரே தூரத்தில் விழுகிற மாதிரி நீளவாக்கில் படமெடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் கட்டடச் சுவரோரம் ஒரு ஆளை நிறுத்துங்கள். என் மருமகன் ஐந்தடி எட்டு அங்குலம். என் ஸ்டேஷன் கதவு, ஜன்னல், கிராதி எல்லாம் அவன் தோளையும் தலையையும் வைத்து அளந்ததுதான். பிளாட்பார உயரம் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர். நமக்குத் தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கு மேலே எட்டு மில்லிமீட்டர் வந்தால் சரியாக இருக்கும்.

பெயர்ப்பலகையைக் கடைசியில் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து, மேலே தமிழ், அப்புறம் இந்தி, ஆங்கிலம், கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற வரி. அது நட்ட அன்றுதான் என் வீட்டுக்காரி முதல்முறையாக "இது ஆராம்பொளியில்லா!" என்றாள். அதுவரை அவளுக்கு அது பிளைவுட்.

குளச்சல்: தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லிக்கு மணவாளக்குறிச்சி கறுப்பு மணல் அருமையாக இருக்குமே? கன்னியாகுமரியில் பாக்கெட்டிலும் விற்கிறார்களே?

ஐயோ, வேண்டாம்! நானும் ஒருகாலத்தில் ஆசைப்பட்டவன். அந்த மணலில் இருப்பது இல்மனைட், கார்னெட், மோனசைட் போன்ற கனிமங்கள். கறுப்பாகத் தெரிவதில் காந்தத்துக்கு ஒட்டுகிற துகள் உண்டு. நம் எஞ்சினுக்குள் இருப்பது காந்தம் வைத்த மோட்டார். பசையில் ஒட்டாமல் தப்பிய நாலு துகள் போதும், பற்சக்கரத்தில் புகுந்து அரைத்துவிடும். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணல்மேல் பிடித்துப் பாருங்கள், மீசை முளைக்கும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதை வீட்டுக்குள் மேசைமேல் பரப்புவானேன்? கரையிலிருந்து அள்ளுவதற்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. கடல் மணல் எதுவானாலும் உப்பு வேறு.

நிஜத்தில் போடுவது 50, 65 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி. நூறில் ஒரு பங்கு என்றால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வீடு கட்டுகிற இடத்தில் ஒரு டப்பா எம்-சாண்ட் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். கழுவிக் காயவைத்து, மாவுச்சல்லடையில் தூசியை நீக்கி, டீ வடிகட்டியில் பெரிய கல்லை நீக்கினால் நடுவில் மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டியது. அதே கருங்கல், அதே நிறம். பரப்பிவிட்டு, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். இந்த மணலிலும் காந்தத்தை ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

சுசீந்திரம்: ஒய்.பி. நீராவி எஞ்சின் ஒன்று இருக்கிறது. நாகர்கோவில் லேஅவுட்டில் ஓட்டலாமா?

உங்கள் ரயில், உங்கள் இஷ்டம். ஆனால் அது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையின் எஞ்சின். நம் மாவட்டத்துக்கு மீட்டர் கேஜ் வந்ததே இல்லை. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதை 1979-இலும், திருநெல்வேலி – நாகர்கோவில் பாதை 1981-இலும் திறந்தபோதே அகலப் பாதைதான்.

பூதப்பாண்டி: என் பலகை மழைக்காலத்தில் வளைந்து ரயில் தடம் புரள்கிறது.

வளையத்தான் செய்யும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. என் முதல் பலகை மலிவு பிளைவுட். ஓட்டு வீட்டு மச்சில், கீழே சட்டமே இல்லாமல். ஐப்பசியில் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது. அதைப் பிரித்தபோது அடியில் கரையான் புற்று வேறு. ஒரு வருஷ வேலை விறகாகப் போனது.

இப்போது 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச்சட்டம். மேல், கீழ், ஓரம் என்று எல்லாப் பக்கமும் வார்னிஷ். பலரும் கீழ்ப்பக்கத்தை விட்டுவிடுவார்கள், ஈரம் அங்கேதான் ஏறும். கால்கள் தரையில் நேராக நிற்காமல் இரும்புக் கிண்ணத்தில் நிற்கட்டும். இரண்டு தண்டவாளத் துண்டு சேருமிடத்தில் ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி விடுங்கள். மேற்பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

நாகர்கோவில், பொறியியல் மாணவி: டவுண், சந்திப்பு, திருநெல்வேலி லைன் மூன்றையும் முக்கோணமாகப் போட்டேன் சார். மின்சாரம் கொடுத்ததும் ஷார்ட் ஆகிறது. தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனிக் கட்டளை போகிற டி.சி.சி. முறை.

முக்கோணம் என்றால் ஷார்ட் ஆகத்தான் வேண்டும், ஆகாவிட்டால்தான் நான் பயப்படுவேன். சுற்றி வரும்போது இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைப் போய்த் தொடுகிறது, அவ்வளவுதான். முக்கோணத்தின் ஒரு கையை மட்டும் இரண்டு முனையிலும், இரண்டு தண்டவாளத்திலும் வெட்டித் தனியாக்குங்கள். அந்தத் துண்டுக்கு மட்டும், இடது வலது இணைப்பைத் தானாக மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ரிவர்சர் வழியாக மின்சாரம் கொடுங்கள். அந்தக் கை உங்கள் மிக நீள வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் ஒரு வெட்டிலும் பின்பக்கம் இன்னொரு வெட்டிலும் நின்று மறுபடி ஷார்ட். டவுண் வழியாக ஒதுங்கிப்போகும் கையைத் தனியாக்குவது வசதி. சந்திப்புக்குள் வந்து எஞ்சின் மாற்றித் திரும்புகிற வண்டி அங்கே அதிக நேரம் நிற்கும். அந்த இடம் சாதாரண மின்சாரத்தில் இருப்பது நல்லது.

செண்பகராமன்புதூர்: காற்றாலை எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்?

சரியான அளவில் வைத்தால் கூரையை இடிக்கும். புதிய ஆலைகளில் தூண் மட்டுமே 80 மீட்டருக்கு மேல், நமக்கு 80 சென்டிமீட்டர். அதனால் ஏமாற்று வேலை செய்யுங்கள். பாதைக்குப் பக்கத்தில் பழைய குட்டை ஆலை ஒன்று, 30 சென்டிமீட்டர். அதற்குப் பின்னால் 15, மலையடிவாரத்தில் 6. கண் தானாகவே தூரம் என்று நம்பிவிடும். எல்லாம் கணவாய்ப் பக்கம், மேற்கே பார்த்து நிற்க வேண்டும்; ஆடிக்காற்று அங்கிருந்துதானே வருகிறது? ஒருவர் நாலு திசைக்கும் திருப்பி வைத்திருந்தார், பார்த்ததும் தலை சுற்றியது. சுழற்ற, மைக்ரோவேவ் தட்டைச் சுற்றுகிற மாதிரி மெதுவான கியர் மோட்டார் போதும். வேகமாகச் சுற்றினால் டேபிள் ஃபேன்.

தோவாளை, ஆறாம் வகுப்பு: தாத்தா, விவேக் எக்ஸ்பிரஸ் மாதிரி நிறையப் பெட்டி மாட்டலாமா?

மக்ளே, 22 பெட்டி மாட்டினால் ஐந்தேகால் மீட்டர் வரும். எஞ்சின் வீட்டுக்குள்ளே, கடைசிப் பெட்டி வாசலில். ஆறு பெட்டி போதும். ஒரு ஜெனரல், இரண்டு ஸ்லீப்பர், இரண்டு ஏ.சி., பின்னால் இன்னொரு ஜெனரல். ஆனால் கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய 'எக்ஸ்' குறி போட்டு, 'எல்.வி.' (லாஸ்ட் வெஹிக்கிள்) என்று எழுதிய குட்டிப் பலகையும் தொங்கவிட வேண்டும். இதுதான் கடைசிப் பெட்டி, நடுவில் எதுவும் கழன்று நிற்கவில்லை என்று ஸ்டேஷனில் இருப்பவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு.

நான் இரண்டு வருஷம் அது இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். மலை, காற்றாலை, பெயர்ப்பலகை எதையும் அவர் பார்க்கவில்லை. வண்டி ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்வரை பேசாமல் நின்றுவிட்டு, "எல்.வி. எங்கவே? முழு வண்டியும் வந்துட்டுன்னு நான் எப்படி எழுதுவேன்?" என்று கேட்டார்.