"உழைத்தால் யாரும் முன்னேறலாம்" என்கிறார்களே, வடசென்னையில் அது உண்மையா?

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். உழைப்பு வேண்டும்தான். ஆனால் எங்கள் சொந்தத்தில் யார் மேலே வந்தார்கள் என்று பார்த்தால், எந்த வீட்டுக்கு மாதாமாதம் சம்பளம் வந்ததோ அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் வந்தார்கள்.

தாத்தாவுக்குப் பின்னி மில்லில், அந்தப் பெரிய துணி ஆலையில் வேலை. அங்கிருந்த தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கமே உருவானது, திரு.வி.க., வாடியா, செல்வபதி செட்டியார் எல்லாம் முன்னே நின்றார்கள். தாத்தா காலத்தில் மில் வேலை என்றால் நிரந்தரம், பி.எஃப்., போனஸ். அந்தத் தைரியத்தில் அப்பாவை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். அப்பா ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.இல் வெல்டர் ஆனார். நான் இன்ஜினியர்.

அத்தை வீட்டுக்காரருக்கும் அதே மில்தான். 1996இல் மில் மூடியபோது பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். மூத்தவன் பத்தாவதோடு நின்று கன்டெய்னர் லாரியில் கிளீனராகப் போனான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

அத்தை மீன் விற்க ஆரம்பித்தார். விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்பார். அதைவிட உழைக்க ஒரு மனுஷியால் முடியாது. ஆனால் மீன் எடுக்கக் கையில் காசு வேண்டுமே? தண்டல்தான், தினமும் வசூலிக்கும் வட்டிக் கடன். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலமானால் தண்டல்காரர் வண்டியை நிறுத்துவார், அட்டையில் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. எனக்குக் கார் கடன் கொடுத்த வங்கி 9 சதவீதம்தான் கேட்டது! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, மீன் வரத்து குறைந்துவிடும். தண்டல்காரர் வருவது மட்டும் நிற்காது. அதை அடைக்க இன்னொரு தண்டல். இதில் பிள்ளையின் காலேஜுக்கு எதை எடுத்து வைப்பது?

இந்தியாவில் ஏழைக் குடும்பம் ஒன்று சராசரி வருமானத்தை எட்ட ஏழு தலைமுறை ஆகலாம் என்று ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2018இல் கணக்கிட்டது. டென்மார்க்கில் இரண்டு. படித்தபோது அத்தைதான் கண்முன் வந்தார்.

கிளீனராகப் போனவனுக்கு இப்போது மணலியில் வேலை, அதுவும் கான்ட்ராக்ட்தான். அந்தப் பக்கம் ஆலைக்குப் பஞ்சமில்லை. புகையைச் சுவாசிப்பது நாங்கள். எங்கள் பசங்களில் நிறையப் பேருக்குக் கிடைப்பது கான்ட்ராக்டர் கொடுக்கும் கேட் பாஸ். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவன் மகள் பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம். கடைசி வருடம். அரசுப் பள்ளியில் படித்தவள், அதனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022இல் அத்திட்டத்தைத் தொடங்கிவைத்ததே அந்தக் கல்லூரியில்தான். சின்னத் தொகை என்று நினைக்காதீர்கள். அவர்கள் வீட்டில் மாதம் தவறாமல் வருகிற ஒரே பணம் அது. பஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எதற்கும் அவள் தண்டல் பக்கம் போகவில்லை.

சி.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். பி.காம்.இல் 55 சதவீதம் இருந்தால் நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம், அவளிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. பயப்படுவது ஆடிட்டரிடம் பயிற்சி எடுக்கும் இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப்பை நினைத்துத்தான். "அந்த ரெண்டு வருஷம் வீட்டுக்கு என்ன மாமா கொடுக்கிறது?" என்றாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சேர் என்று சொல்லியிருக்கிறேன்.