அம்மா பகலில் எங்கே படுத்தாள்?

அன்புள்ள அம்மையாருக்கு,

தாம்பரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருடங்களுக்கு முன் மூன்று படுக்கையறை ஃப்ளாட் ஒன்று வாங்கினோம். இருபது வருடக் கடன். பிள்ளைகளுக்கு ஓர் அறை, என் அப்பா அம்மாவுக்கு ஓர் அறை, எங்களுக்கு ஒன்று. சமையலறைக்கு மட்டும் மூன்று லட்சம் ஆனது. கருப்பு கிரானைட், சத்தமில்லாமல் மூடும் இழுப்பறைகள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம். பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டு அப்பாவும் அம்மாவும் போன மாதம் வந்து சேர்ந்தார்கள். பத்தாவது நாள் அம்மா, "லாட்ஜு மாதிரில்லா இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கும் அப்படியே படுகிறது. அந்தப் பழைய வீட்டில் மழை வந்தால் ஒழுகாத இடம் கிடையாது. ஆனாலும் அது வீடாக இருந்தது. அங்கே இருந்து இங்கே இல்லாமல் போனது எது? இதை விற்றுவிட்டு முற்றம் வைத்த தனி வீடாகப் பார்க்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

ர., தாம்பரம்

அன்புள்ள தம்பிக்கு,

விற்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் பாளையங்கோட்டைக்காரி. நீங்கள் விட்டுவந்த வீட்டை என்னால் பார்க்க முடிகிறது. தார்சா என்கிற முன்திண்ணை, பட்டாசாலை என்கிற கூடம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருக்கும். இந்தப் பெயர்களில் எதுவும் ஆளை வைத்து வந்ததில்லை. "அப்பா ரூம்", "பிள்ளைங்க ரூம்" என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எனக்கென்று இருந்தது சுவரில் ஓர் ஆணியும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான். படித்த இடத்திலேயே ராத்திரி பாய் விரிப்போம். விடிந்து சுருட்டி வைத்தால் அதே இடத்தில் இலை போடுவார்கள். அடுக்களையிலிருந்து வாசலுக்குப் போகிறவர் வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் தாண்டித்தான் போகவேண்டும். "எங்கட்டீ போறே?" என்று மூன்று பேராவது கேட்பார்கள். அழுதுவிட்டு வந்தால் முகத்தை ஒளித்துக்கொள்ள வழி இருக்காது. உங்கள் அம்மாவுக்கு இல்லாமல் போனது இந்தக் குறுக்கும் நெடுக்குமான நடமாட்டம்தான் என்று நினைக்கிறேன். லாட்ஜில் அவரவர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைச் சொன்னவளாவேன்.

எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் தார்சாவில் சாய்வு நாற்காலி. அப்பாவுக்குப் பட்டாசாலையில் ஊஞ்சல் பலகை. ஆச்சிக்கு இரண்டாம் கட்டில் தூணோரம். என் அம்மாவின் இடம் எது என்று யோசித்தால் எதுவும் நினைவுக்கு வரவில்லை. மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அடுக்களை நிலைப்படியில் தலை வைத்து முந்தானையில் அரைமணி நேரம் கிடப்பாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள். மாதத்தில் மூன்று நாள் புறவாசலை ஒட்டிய இருட்டறையில் ஒதுக்கி வைப்பார்கள். அந்த மூன்று நாள்தான் பகலில் காலை நீட்டிப் படுத்தாள். எனக்கு அது அன்பான வீடு. அவளுக்கும் அப்படித்தானா என்று அவள் இருந்தவரை நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது.

பகலில் ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்ததும் நம் வாயில் எந்தக் கேள்வி வருகிறது என்று கவனியுங்கள். "என்ன செய்யுது?" என்று கேட்கலாம். "இந்நேரத்துல என்ன படுக்கை?" என்றும் கேட்கலாம். வீட்டில் உள்ள எல்லோருக்கும் முதல் கேள்வியே கிடைக்குமானால் அதைத்தான் நான் வீடு என்பேன். என் பிறந்த வீட்டில் அது அம்மாவைத் தவிர மற்ற எல்லோருக்கும் கிடைத்தது.

பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டைச் சொல்கிறோம். இரண்டிலும் நெடுங்காலம் அவளுக்குச் சரியான பங்கு இருந்ததில்லை. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-இல்தான். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. என் அம்மா அதில் வரவில்லை. பங்கு இல்லாத வீட்டில் உழைப்புக்கு மட்டும் குறைவில்லை. 2019-இல் மத்திய அரசு நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அதிலேயே நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் போகிறது என்று தெரிந்தது. அதில் கைவைக்கும் ஆண்களுக்கு 97 நிமிடம். கைவைப்பவர்களே நூறு ஆண்களில் 26 பேர்தான்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். சமையலறையில் கிரானைட்டின் நிறம் வரை சொல்லியிருக்கிறீர்கள். அங்கே நிற்பது யார் என்று சொல்லவில்லை. உங்கள் மனைவி "எங்களுக்கு ஒன்று" என்ற சொல்லுக்குள் மட்டும்தான் இருக்கிறார். குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, தம்பி. என் அம்மாவைப் பற்றி நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் அதுவும் இப்படித்தான் இருந்திருக்கும்.

முற்றம் பற்றிக் கேட்டீர்கள். செட்டிநாட்டு வீடுகளில் வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உண்டு. 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம். பாத்திர பண்டம் எல்லாம் கொடுத்து மகனையும் மருமகளையும் அதே கூரையின் கீழ் தனிச் சமையல் செய்ய விடுவார்கள். கதவும் தனி, உலையும் தனி. ஆனால் கதவைத் திறந்தால் எல்லோரும் வளவில்தான் கால் வைக்கவேண்டும். ஆகவே உங்கள் பிள்ளைகளின் கதவைக் கழற்ற வேண்டாம். எனக்கு அப்படி ஒரு கதவு இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் படித்திருப்பேன். ஹாலில் தினமும் ஒரு வேளையாவது எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், போதும்.

இன்னொன்று. லாட்ஜில் தங்குகிறவரை யாரும் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. அந்தச் சத்தமில்லாத இழுப்பறைகளில் எது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு யாராவது திறந்து காட்டினீர்களா? கடுகு டப்பா எங்கே என்று தெரியாத வீட்டில் அவர் எப்படி ஒன்றுவார்? ஆனால் அது உங்கள் மனைவி ஒழுங்குபடுத்திய இடம். அவரிடம் முதலில் கேளுங்கள். சமையலறை வாசலில் சாய்மானம் உள்ள ஒரு நாற்காலி போடுங்கள். வெங்காயத்தை நீங்கள் உரியுங்கள்.

என் அப்பா ஓய்வுபெற்ற பிறகு அவரும் அம்மாவும் இரண்டு அறை கொண்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. தாத்தாவின் அந்தச் சாய்வு நாற்காலியை அப்பா அடுக்களை வாசலில் கொண்டுவந்து போட்டார், அவளுக்காக. அவர் கீழே அரிவாள்மணையில் காய் நறுக்குவார். அவள் பேப்பர் வாசித்துச் சொல்வாள். ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் போய் நின்றேன். அம்மா அந்த நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிய சத்தத்துக்கு அவள் எழவில்லை. அப்பா வாயில் விரல் வைத்து, மெதுவாக வரும்படி கைகாட்டினார்.