முன்பதிவுச் சலுகை: கட்டணத்தைப் படிவமே முடிவு செய்யட்டும்

கேள்வி: ஒருநாள் பயிலரங்குக்கு ஆன்லைன் படிவம் வழியாக டிக்கெட் விற்கிறோம். குறிப்பிட்ட தேதிக்குள் பதிவு செய்பவர்களுக்குச் சலுகைக் கட்டணம் என அறிவித்து, சலுகைக் கட்டணம், முழுக் கட்டணம் இரண்டையும் படிவத்தில் கொடுத்திருந்தோம். தேதி முடிந்த பிறகும் பலர் சலுகையையே தேர்ந்தெடுத்துப் பணமும் அனுப்பிவிட்டார்கள். கட்டணம் தானாக மாறும்படி அமைக்க முடியுமா?

பதில்: முடியும். பதிவு செய்தவர்களைக் குறை சொல்லவும் இதில் எதுவுமில்லை. இரண்டு கட்டணங்களை அருகருகே வைத்து எது வேண்டும் என்று கேட்டால், குறைந்ததைத்தான் எவரும் தொடுவார்கள். கட்டணம் என்பது படிவத்தில் கேட்கப்படும் கேள்வியாகவே இருக்கக்கூடாது; பதிவாகும் நேரத்தைப் பார்த்து அது முடிவாக வேண்டும்.

அமைப்புகளில் கை வைக்கும் முன், எந்தக் கணத்தைக் கணக்கில் கொள்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். படிவத்தைத் திறந்த நேரமா, சமர்ப்பித்த நேரமா, பணம் வந்து சேர்ந்த நேரமா? படிவத்திலேயே பணம் செலுத்தும் வசதி இருந்தால் சிக்கலில்லை. சமர்ப்பிப்பதும் செலுத்துவதும் ஒரே நேரத்தில் நடந்துவிடும். வங்கி வழியாகத் தனியே பணம் அனுப்பச் சொல்கிறீர்கள் என்றால், சமர்ப்பித்த நேரத்தைக் கணக்கில் கொண்டு, பணம் வந்து சேர 2 நாள் அவகாசம் தந்து, அதற்குள் வராவிட்டால் சலுகை ரத்தாகும் என்று படிவத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

டிக்கெட் விற்பனைக்கென்றே உள்ள தளங்களில், ஒவ்வொரு டிக்கெட் வகைக்கும் விற்பனை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் தனித்தனியே குறிக்கலாம். சலுகை டிக்கெட் முடியும் நேரமே முழுக் கட்டண டிக்கெட் தொடங்கும் நேரமாக இருக்கட்டும். வேலை அத்தோடு முடிந்தது. கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற எளிய படிவத்தில் பணம் வாங்கும் வசதியும் இல்லை, தேதிக்கேற்பக் கட்டணத்தை மாற்றும் வசதியும் இல்லை. அங்கே கட்டணக் கேள்வியை நீக்கிவிட்டு, கட்டண விவரத்தை விளக்கமாக மட்டும் தந்து, பதில்கள் வந்து சேரும் கூகுள் ஷீட்டில் (கணக்கிடும் அட்டவணையில்) உள்ள நேரப்பதிவை, அதாவது ஒவ்வொரு பதிலும் சமர்ப்பிக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் கொண்டு கட்டணத்தைச் சூத்திரத்தால் கணக்கிடுங்கள்.

அந்தச் சூத்திரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சலுகை 15ஆம் தேதி வரை என்றால், நேரப்பதிவு 15ஆம் தேதிக்குச் சமமாகவோ அதற்கு முன்னதாகவோ இருந்தால் சலுகை என்று எழுதத் தோன்றும். ஆனால் நேரம் குறிப்பிடாத தேதியை, அந்த நாள் தொடங்கும் 0:00 மணி என்றே ஷீட் எடுத்துக்கொள்ளும். 15ஆம் தேதி காலை 9 மணிக்குப் பதிவு செய்தவருக்கும் முழுக் கட்டணம் விழும். கடைசி நாளில்தான் கூட்டம் அதிகம் என்பதால் புகார்களும் அன்றுதான் குவியும். '16ஆம் தேதிக்கு முன்' என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது. ஷீட்டின் நேர மண்டலம் சரியாக உள்ளதா என்பதை அதன் அமைப்புகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அறிவிப்பிலும் '15ஆம் தேதி நள்ளிரவு' என்று எழுதாதீர்கள். அது 15 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று இரு விதமாகவும் படிக்கப்படும். '15ஆம் தேதி இரவு 11:59 வரை' என்று எழுதி, பிற நாட்டினரும் வருவார்கள் என்றால் எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

சமர்ப்பித்த பதிலைத் திருத்தும் வசதியை மூடிவிடுங்கள். இல்லையென்றால், சலுகைக் காலத்தில் ஒரு டிக்கெட்டுக்குப் பதிவு செய்தவர், பிறகு வந்து அதையே ஐந்தாக மாற்றிவிட்டுப் பழைய கட்டணத்தைக் கேட்பார். கூடுதல் டிக்கெட்டுக்குப் புதிய பதிவு என்பதே விதியாக இருக்கட்டும்.

வெளியிடும் முன், கெடு நேரத்தைப் பத்து நிமிடம் கழித்து வருமாறு மாற்றி வைத்துச் சோதியுங்கள். கெடுவுக்கு முன் ஒரு பதிவு, பின் ஒரு பதிவு. மூன்றாவதாக, முன்பே திறந்து வைத்திருந்த பக்கத்தைக் கெடு கடந்த பிறகு சமர்ப்பித்துப் பாருங்கள். அந்த மூன்றாவது பதிவுக்கு எந்தக் கட்டணம் விழுகிறது என்பதைக் கட்டாயம் கவனியுங்கள்.

இப்போது சலுகைக் கட்டணத்தில் பணம் அனுப்பிவிட்டவர்களிடம் மீதியைக் கேட்க வேண்டாம். தேதி கடந்த பிறகும் அந்தத் தெரிவைத் திறந்து வைத்திருந்தது உங்கள் படிவம்தான்.