ஜெர்மன் இறந்தகாலம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறேன், இப்போது நடுத்தர நிலையான பி1 வகுப்பு. பேச்சில் 'ஹாபென்' என்ற துணைவினை சேர்த்து இறந்தகாலத்தைச் சமாளித்துவிடுகிறேன். புத்தகத்தில் வரும் எளிய இறந்தகாலம்தான் தகராறு. 'அவர் வேலை செய்தார்' என்பதற்கு 'ஏர் ஆர்பைடெட்' என்று எழுதினேன், ஆசிரியை தவறென்று அடித்துவிட்டார். பேச்சில் வராததை ஏன் படிக்க வேண்டும்?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதியதற்கு 'வேலை செய்கிறார்' என்று பொருள். கடைசியில் ஓர் 'எ' விடுபட்டதில் காலமே மாறிவிட்டது.

பள்ளியில் 'செய்தேன்' என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்தோமே, அதே வழியில் போங்கள். 'லெர்னென்' என்றால் கற்பது. கடைசி 'என்'னை எடுத்தால் பகுதி 'லெர்ன்'. காலம் காட்டும் இடைநிலை 'டெ'. அதன்பின் விகுதி: டூ (நீ) லெர்ன்டெஸ்ட், வீர் (நாம்) லெர்ன்டென், ஈர் (நீங்கள்) லெர்ன்டெட். நானுக்கும் அவருக்கும் விகுதியே இல்லை; இஹ் லெர்ன்டெ, ஏர் லெர்ன்டெ. நிகழ்காலப் பழக்கத்தில் 'ஏர்' வந்ததும் கை தானாக ஒரு 'ட்' போடும். அதைத்தான் அடக்க வேண்டும்.

உங்கள் வினையின் பகுதி 'ஆர்பைட்', அதுவே 'ட்'டில் முடிகிறது. அதோடு 'டெ' சேர்ந்தால் இரண்டும் ஒன்றாகிக் காதில் விழாது. அதனால் நடுவில் சாரியை போல ஓர் 'எ': ஏர் ஆர்பைடெடெ. பேசுவதற்கான 'ரேடென்' அப்படியே, ரேடெடெ. மழை பெய்தது, 'ஏஸ் ரேக்னெடெ'. அங்கே 'க்ன்' என்ற கூட்டு நாக்கை மறிப்பதால் 'எ' வந்தது. 'லெர்ன்' பகுதியில் 'ன்'னுக்கு முன் 'ர்' இருப்பதால் தடையில்லை, 'எ' தேவைப்படவில்லை.

இந்த வினைகளுக்கு 'பலவீன வினை' என்று பெயரிட்டவர் ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம். ஆனால் மொழிக்குள் புதிதாக நுழையும் வினைகள் இந்த வரிசையில்தான் சேர்கின்றன. கூகுளில் தேடினான் என்பது 'ஏர் கூகெல்டெ'.

ஏன் படிக்க வேண்டும் என்கிறீர்கள். தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பேச்சில் இது குறைவு. சுவிஸ் வட்டார வழக்கில் அறவே இல்லை. ஆனால் கதையும் செய்தியும் இதில்தான் எழுதப்படுகின்றன. உங்கள் வார்டிலும் சில வினைகள் இந்த வடிவத்தில்தான் காதில் விழும்: 'நோயாளிக்குக் காய்ச்சல் இருந்தது' என்பதற்கு 'டெர் பட்சியென்ட் ஹட்டெ ஃபீபர்'. வேண்டியிருந்தது 'முஸ்டெ', முடிந்தது 'கோன்டெ', விரும்பினார் 'வோல்டெ'. விகுதிகள் எல்லாம் 'லெர்ன்டெ'யில் பார்த்தவையே. 'முஸ்டெ', 'கோன்டெ' இவற்றின் மூல வினைகளான 'ம்யுஸென்', 'கியோனென்' இரண்டின் உயிரெழுத்து மேல் உள்ள இரு புள்ளிகளை மட்டும் இறந்தகாலத்தில் எடுத்துவிட மறக்காதீர்கள்.