துபாயிலிருந்து புதுக் கார் வாங்கி கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்தால் மொத்தம் எவ்வளவு ஆகும்?

இதே கேள்வி எங்கள் வீட்டிலும் ஓடியது. அத்தை பையன் துபாயில் இருக்கிறான். "மச்சான், நம்ம ஊர்ல ஒரு கோடி சொல்ற வண்டி இங்க பாதி விலைதான், கப்பல்ல ஏத்திடவா?" என்றான். நான் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிறவன். எங்கள் சரக்கைச் சென்னைத் துறைமுகத்தில் கவனிக்கும் கிளியரிங் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். மனுஷன் விலையே கேட்கவில்லை. "ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?" என்றார்.

அதோடு முடிந்தது. துபாய் வண்டிக்கு இடது பக்கம் ஸ்டீயரிங். இங்கே புதுக் காராக இறக்க வலது பக்கம் இருக்க வேண்டும். தயாரான நாட்டிலிருந்தே வரவேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஜப்பானில் செய்து துபாய் ஷோரூமில் நிற்கும் வண்டி அதிலும் அடிபடும். அங்கே ஒரு தடவை பதிவு செய்துவிட்டால், பத்து கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் அது பழைய வண்டிக் கணக்கு. பழையதை மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறக்கலாம், வரியும் இன்னும் அதிகம்.

சரி, ஜப்பானில் தயாராகி அங்கிருந்தே வரும் வலது ஸ்டீயரிங் வண்டி என்றே வைத்துக்கொள்வோம். விலை, கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்து 50 லட்சம். ஆமாம், கப்பல் வாடகைக்கும் சேர்த்துத்தான் வரி. 40,000 டாலரைத் தாண்டிய கார் என்பதால் 2025 பட்ஜெட் கணக்குப்படி சுங்கம் 110 சதவீதம்: அடிப்படை வரி 70, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 40. சொகுசுக் காருக்கும் வேளாண்மைக்கும் என்ன உறவோ, மாங்காயோடு பிழைக்கிற எனக்கே விளங்கவில்லை. ஆக 55 லட்சம் சேர்ந்து 1 கோடியே 5 லட்சம். இந்த மொத்தத்தின் மேல்தான் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம், அதாவது 42 லட்சம். இப்போது 1 கோடியே 47 லட்சம். வண்டி இன்னும் துறைமுகத்தைவிட்டு வெளியே வரவில்லை.

அப்புறம் கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ.வில் டி.என். 24 நம்பர் வாங்க வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். எப்படிப் பார்த்தாலும் 1 கோடியே 65 லட்சம் தாண்டும். ஒரே ஆறுதல், நடிகர் விஜய்யின் ரோல்ஸ் ராய்ஸ் வழக்கில் பேசப்பட்ட நுழைவு வரி 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே போய்விட்டது.

உங்களுக்கு வேண்டியது பி.எம்.டபிள்யூ மாதிரி பெயர்தான் என்றால், அவர்கள் 2007 முதல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆலையிலேயே பல மாடல்களை உதிரிகளைப் பொருத்தி உருவாக்குகிறார்கள். உதிரிகளாக வருவதற்குச் சுங்கம் மிகக் குறைவு. அந்த மாடலை இங்கே ஷோரூமில் வாங்குவதே லாபம்.

இங்கே விற்காத மாடல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அட்வான்ஸ் அனுப்பும் முன் இன்வாய்ஸ் நகலையும் தரச் சான்றிதழையும் ஏஜென்ட் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் வண்டி துறைமுகத்தில் நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.